பத்து ஸ்லைடரும் உன் குரலும்

ஜோகுபாளையம், பெங்களூரு
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் தீபிகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீ சுகம்தானே என்று வழக்கம்போல எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே. வாராவாரம் போனில் கேட்கிறேன், நீயும் வாராவாரம் 'நல்லா இருக்கேம்மா' என்று சொல்லிவிட்டு உடனே என் முழங்காலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறாய், நானும் முழங்கால் கதையை எடுத்துவிடுகிறேன், அவ்வளவுதான், நேரம் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஆபீஸ் லிஃப்டுக்குள் நின்று படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாய். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடிதம் என்றால் உட்கார்ந்து படிக்க வேண்டும், பதிலையும் உடனே சொல்ல முடியாது, எனக்கு அதுதான் வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ இப்போது மாப்பிள்ளையோடு அந்த வீட்டில் இல்லை, எட்மன்டனிலேயே வேறு எங்கேயோ தனியாக இருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் வந்து கோள் மூட்டவில்லை, யாரையும் சந்தேகப்படாதே, நானாகக் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டது. எப்படி என்று முழுவதும் எழுதுகிறேன், நடுவில் எழுந்து போகாமல் படி. தப்பாக இருந்தால் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று சிரித்துக்கொள், எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை.

ஊர்ச் செய்தி முதலில். இந்த வருஷம் மழை விட்டபாடில்லை, துவைத்த துணி காய்வதற்குள் அடுத்த துணி சேர்ந்துவிடுகிறது. அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போவதைச் சேற்றுக்குப் பயந்து நிறுத்திவிட்டேன். கீழ் வீட்டு குளோரியா கிறிஸ்துமஸ் பாட்டுக்கு இப்போதே தொண்டையைப் பழக்குகிறாள், காலையில் பால் பொங்குவதும் அவள் மேல் ஸ்தாயிக்கு ஏறுவதும் ஒரே நேரம். தங்கவயலில் உன் ஆதி மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹீரோ மாதிரி போட்டோ அனுப்பியிருக்கிறான், உனக்கும் வந்திருக்கும். எனக்கு என்ன செய்தி இருக்கிறது. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று ஆனதிலிருந்து காய்கறி வாங்குகிற சாக்கில் சிவாஜிநகர் வரை போய் வருகிறேன். இங்கே கிடைக்காத காய் அங்கே ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்காருகிற பெண்கள் ஏதாவது பேசுவார்கள், கன்னடமோ தமிழோ உருதுவோ, எதுவானாலும் நான் ரெடி. சில நாள் யாரும் பேசுவதில்லை, எல்லார் காதிலும் அந்த வெள்ளைக் குச்சி செருகியிருக்கிறது. அந்த மாதிரி நாளில் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து நான் வாயே திறக்கவில்லை என்பது தெரியும். உடனே செட்டைப் போட்டுவிடுவேன். யாராவது ஒருவர் பாடிக்கொண்டிருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது. இதையெல்லாம் உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீயும் உன் பக்கத்தில் ஏதாவது சொல்லியிருப்பாயோ என்று இப்போது நினைக்கிறேன்.

செட் என்று எழுதியதும் நீ சிரிப்பாய். நீயும் மாப்பிள்ளையும் அதை என் இரண்டாவது பிள்ளை என்று கேலி செய்வீர்கள். உன் அப்பா இருந்தவரை வீட்டில் டிவி வைத்ததுதான் சட்டம், பாட்டுக் கேட்பது என் ஆசை, அதனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிடையர் ஆனதும் நானே எஸ்.பி. ரோட்டில் அலைந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், அவரும் முணுமுணுத்துக்கொண்டே தூக்கி வந்து கொடுத்தார். அந்த ஈக்வலைசர் பெட்டி கடைசியாக வந்தது. பத்து ஸ்லைடர், இடது ஓரத்தில் நெஞ்சில் இடிக்கிற கனமான சத்தம், வலது ஓரத்தில் ஜால்ரா மாதிரி மெல்லிய சத்தம், நடுவில் மனுஷக் குரல். வந்த புதிதில் கடையில் வைத்திருந்த மாதிரியே நானும் இரண்டு ஓரத்தையும் ஏற்றி நடுவை இறக்கினேன், வீடே அதிர்ந்தது, பாடுகிறவள் மட்டும் கிணற்றுக்குள் போய்விட்டாள். அப்புறம்தான் பழகிக்கொண்டேன், முதலில் எல்லாவற்றையும் நடுவில் வைத்துக் கேட்க வேண்டும், எது உறுத்துகிறதோ அதை மட்டும் கொஞ்சம் இறக்க வேண்டும், ஆசைப்பட்டு எதையும் ஏற்றக் கூடாது. காலமெல்லாம் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவள் நான், லைனில் எதிர்ப்பக்கம் மூச்சு விடுகிற சத்தத்திலேயே ஆள் அழப்போகிறாரா சண்டை போடப்போகிறாரா என்று சொல்லிவிடுவேன், எனக்கு இது பெரிய வித்தை இல்லை. நீ கனடா போன பிறகு ஒருநாள் போனில் இருக்கிற ஓட்டையில் ஒயரைச் செருகி மறுமுனையை செட்டில் மாட்டிப் பார்த்தேன். அம்மாடி, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நீ வந்து நின்றுவிட்டாய்! புது போன் வாங்கித் தருகிறேன் என்று நீ எத்தனை தடவை சொன்னாலும் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான், புது போனில் ஓட்டை இல்லையாமே. ஆரம்பத்தில் 'அம்மா, நான் பேசறது எனக்கே திரும்பி வருது' என்று நீ கத்தினாய், நினைவிருக்கிறதா. அது என் தப்புதான், ஸ்பீக்கர் சத்தம் போனுக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் நீளமான ஒயர் வாங்கி, சத்தத்தைக் குறைத்து, நான் மட்டும் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவேன், நீ ஹாலில் பேசுவாய். குளோரியா மட்டும் ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, 'அக்கா, உங்க பொண்ணு எங்க சீலிங்ல பேசுது, அது ஆபீஸ் மேனேஜர் பேருகூட எனக்கு மனப்பாடம்' என்றாள். கோபப்படாதே, அன்றைக்கே இடது ஓரத்து ஸ்லைடர்களை இறக்கிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் குரல் வேறு மாதிரி வந்தது. வார்த்தை முடிந்த பிறகும் அதற்கு ஒரு வால் இருந்தது. அதுவரை உன் வீட்டு ஹாலில் இருந்து பேசினால் வார்த்தை வார்த்தையாகப் போய் மெத்தையில் விழும், தரை முழுக்க கார்ப்பெட், கனமான திரை, நீ ஆசைப்பட்டு வாங்கிய அந்த அகலமான சோபா, சத்தம் எங்கே போய்த் திரும்பி வரும்? இப்போது காலி செய்த வீட்டில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, என் செட்டில் கோளாறு என்று நினைத்தேன். முதல் தடவை எதிரொலி வந்தபோது குற்றம் என் பக்கம் இருந்ததே, அதனால் இதுவும் என் வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். வீடியோவில் வா என்றேன், கேமரா சரியில்லை என்றாய், நமக்கு வீடியோ என்றைக்குமே ராசி இல்லை, அதையும் நம்பினேன். ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தினேன். சுவரில் ஜமக்காளம் தொங்கவிட்டேன், குளோரியா எட்டிப் பார்த்து 'என்னக்கா, வூட்லயே ஸ்டேஜ் போட்டுட்டீங்களா' என்றாள். காது டாக்டரிடம்கூடப் போனேன், 'இந்த வயசுக்கு நல்ல காதும்மா, கீச்சு சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா கேக்கும், பரவால்ல' என்று அனுப்பிவிட்டார். அப்படியானால் வலது பக்கத்தைக் கொஞ்சம் ஏற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலிக் கூடத்தில் பேசுகிற மாதிரி ஒலிக்கிற இடத்தை, இருநூற்றைம்பது ஐந்நூறு என்று எழுதியிருக்கிற இரண்டு ஸ்லைடரையும், நன்றாக இறக்கினேன். குரல் மெலிந்துவிட்டது, அதற்கு ஈடாகப் பக்கத்து ஸ்லைடரை ஏற்றி உன் குரலுக்குச் சதை போட்டேன். ஒவ்வொரு வாரமும் நீ பேசப் பேச நான் எழுந்து போய்த் தள்ளிவிட்டு வந்து உட்காருவேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்டால் பாதி எனக்குத் தெரியாது, எப்படிக் கேட்டது என்று கேட்டால் சொல்வேன். புரட்டாசி வாக்கில் ஒருவழியாகச் சரியாக வந்தது. அன்றைக்கு நீ ஏதோ சொல்லிச் சிரித்தாய், வாலும் தெரியவில்லை, கரகரப்பும் இல்லை, நம் வீட்டில் குதித்துக்கொண்டு திரிந்த தீபிகா சிரித்த மாதிரியே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் எனக்கு நானே பாயசம் வைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்து சிரில் வந்தான். குளோரியாவின் தம்பி, கல்யாணத்துக்கும் சர்ச்சுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறானே, அவன்தான். திருவிழா நாளில் அவனுடைய ஈக்வலைசர் புகைந்துபோய்விட்டது, 'அக்கா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைக்கு குடுங்க, கண்ணு மாதிரி பாத்துக்கறேன்' என்று கெஞ்சினான், கொடுத்துவிட்டேன். பெட்டி இல்லாமல் செட் மூளியாக இருந்தது, அதில் உன்னைக் கேட்க மனம் வரவில்லை, அதனால் அந்த வாரம் எல்லாரையும் போல போனைக் காதில் வைத்துப் பேசினேன். தூக்கிவாரிப் போட்டது தீபிகா. அது வேறு குரல். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து பேசுகிறவளுடைய குரல். நான் ஒன்று கேட்டால் பதில் உடனே வரவில்லை, நீ எங்கிருந்தோ எழுந்து வந்து சொல்கிற மாதிரி தாமதமாக வந்தது. ஜலதோஷமா என்றேன், 'ஆமாம்மா, இங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சு' என்றாய். நடுவில் சிரித்தாய், அது சிரிப்பே இல்லை, மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டாய், அவ்வளவுதான். வாலும் அப்படியே இருந்தது. செட் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, என் சுவர் இல்லை, காதோடு ஒட்டி வைத்த போனில் எதிரொலி எங்கிருந்து வரும்? நீ இருக்கிற இடத்திலிருந்துதான் வரும். வைத்த கையோடு ஆதிக்கு போன் போட்டுப் பார்த்தேன், அவன் குரல் என்றைக்கும் போல இருந்தது, போனிலும் குற்றமில்லை. அப்புறம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு அறையின் எதிரொலியை ஸ்லைடரால் எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அது குரலோடு ஒட்டிக்கொண்டு வருவது, நிறத்தை மாற்றலாம், அதை உரிக்க முடியாது. தெரிந்தும் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன், இந்த வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் என்று. நான் சரிசெய்தது செட்டை இல்லை. உன் அலுப்பை, உன் அழுகையை, ஒவ்வொன்றாக இறக்கி, எனக்குக் கேட்க ஆசையாக இருந்த மகளைத் தயார் செய்து அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். புரட்டாசியில் சிரித்தவள் நீ இல்லை, நான் செய்தவள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. உட்கார்ந்து அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்.

அதோடு விட்டிருக்கலாம், மனம் கேட்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள். வருஷா வருஷம் உன் போனிலேயே வாழ்த்துச் சொல்லிவிடுவேன், இந்தத் தடவை காலையில் குளித்து சாமி கும்பிட்டுவிட்டு அவருடைய நம்பருக்கே போட்டேன், வாழ்த்துவதற்காக மட்டும் இல்லை என்பது உனக்குத் தெரியும். எடுத்தார். 'சொல்லுங்க அத்தை' என்றார், அந்த இரண்டு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வார்த்தை மெத்தையில் விழுந்தது. அதே கார்ப்பெட், அதே திரை, அதே சோபா, எனக்குப் பழக்கமான உங்கள் ஹால். நல்லா இருக்கோம் அத்தை என்றார். 'தீபிகா கடைக்குப் போயிருக்கா, வந்ததும் பேசச் சொல்றேன்' என்றார். நான் சரி என்றேன். அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் பாடியது. உங்கள் கல்யாணத்துக்கு ஆதி கொடுத்தானே, மணி ஆனால் ஒரு பாட்டு முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் அடிக்கும், நம் இரண்டு பேருக்கும் அதைக் கேட்டால் சிரிப்பு நிற்காது, ஞாயிறு பேச்சில் இங்கே எட்டரை ஆனால் அங்கே அது ஆரம்பிக்கும். ஆடியிலிருந்து அந்தச் சத்தத்தைக் காணோமே என்று கேட்டதற்கு பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தாய். அது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குறையும் இல்லாமல் பாடியது. அவர் பேச்சு பாதியில் நின்றுவிட்டது, நான் அது அடித்து முடிகிறவரை மணியை எண்ணிக்கொண்டிருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, பேசத் தோன்றவும் இல்லை. அவர் குரலும் நன்றாக இல்லை தீபிகா, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். என்ன நடந்தது, யார் மேல் தப்பு, முடிந்துபோனதா இல்லை கொஞ்ச நாள் தள்ளி இருக்கிறீர்களா, எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆதியிடம் சொல்லவில்லை, சொன்னால் கறுப்புக் கண்ணாடியோடு பஞ்சாயத்துக்குக் கிளம்பிவிடுவான். குளோரியாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், அவள் சீலிங்கில்தான் நீ பேசியிருக்கிறாயே. ஒன்றும் கேட்கவில்லை, ஒருநாள் கேக் துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். போய் அனுசரித்து இரு என்று நான் சொல்லப் போவதில்லை. உதறிவிட்டு வா என்றும் சொல்லப் போவதில்லை. அது உன் வாழ்க்கை, உனக்கு மூளை இருக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது எதனால் என்றால், ஆடியிலிருந்து ஒரு வெற்று அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனதும் தொண்டையைச் செருமி, எனக்காக ஒரு நல்ல தீபிகாவைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறாய் பார், அதனால்தான். நீ அங்கே ஒரு தடவை திருத்தி அனுப்பினாய், நான் இங்கே இன்னொரு தடவை திருத்திக் கேட்டேன். இல்லாத ஒருத்தியை இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்திருக்கிறோம். இருக்கிறவள் அங்கே பேச ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறாள், இங்கே நான் சிவாஜிநகர் பஸ்ஸில் முகம் தெரியாத பெண்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இது என்ன கூத்து, நீயே சொல்.

சிரில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பத்தையும் நடுவில் வைத்துவிட்டேன், உன் போன் வந்தால் கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் கேட்டேன், நீ தும்மினது வரை கேட்டது. நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன் கேள். அந்த அறையை அப்படி வெறுமனே போட்டுவைக்காதே, கொஞ்ச நாள்தானே என்று நினைக்காதே. ஜன்னலுக்குக் கனமாக ஒரு திரை, தரையில் ஒரு விரிப்பு, ஒரு பக்கச் சுவரோடு புத்தகமோ துணியோ ஏதாவது அடுக்கு. வெற்றுச் சுவருக்குள் இருந்தால் நம் குரலே நமக்குத் திரும்பி வந்து, வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்கும், நான் அனுபவத்தில் சொல்கிறேன். தரையில் படுக்காதே, கட்டில் வாங்கு. ராத்திரி ரொட்டியைக் கடித்துவிட்டுத் தூங்காதே, ரசம் வைத்துக் குடி. இங்கே வந்துவிட வேண்டும் என்று தோன்றினால் டிக்கெட் போட்டுக்கொண்டு வா, எதற்கு வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன், தெருவில் யாராவது கேட்டால் அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வர முடியாது என்றால் நான் வருகிறேன், பாஸ்போர்ட்டுக்கு போட்டோகூட எடுத்துவிட்டேன், பேய் மாதிரி விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கஷ்டப்பட்டுப் பேச வேண்டாம். போனை மேசை மேல் வைத்துவிட்டு உன் வேலையைப் பார், பாத்திரம் கழுவு, துணி மடி, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திரு, அழ வேண்டும் போல் இருந்தால் அழு. இங்கே நான் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். குளோரியாவும் கீழே கேட்பாள், கேட்கட்டும்.

தபால் போய்ச் சேர எத்தனை வாரம் ஆகுமோ தெரியாது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒன்றும் தெரியாதவள் போல முழங்கால் கதையே பேசுவேன், பொறுத்துக்கொள். நீ எந்த வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டில் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், தெய்வம் உனக்குத் துணை இருக்கட்டும், என் ஆயுசில் கொஞ்சம் உனக்குக் கூடட்டும்.

மறந்துவிடாமல் ஒன்று. எழுதி முடித்துவிட்டுக் கவரை எடுத்தேன், உன் பேரை எழுதினேன், அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பெற்ற மகளுடைய வீட்டு விலாசம் எனக்குத் தெரியவில்லை தீபிகா. அந்த வீட்டுக்கு அனுப்பினால் மாப்பிள்ளை கையில் கிடைக்கும். ஊறுகாய் பார்சலை ஆபீஸுக்கு அனுப்பச் சொன்னாயே, பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை என்று, அந்த விலாசம் குறித்துவைத்த சீட்டைத் தேடி எடுத்து அதையே எழுதியிருக்கிறேன். பதிலில் வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை என்றாலும் பரவாயில்லை. விலாசத்தை மட்டும் எழுதி அனுப்பு.

உன்னைப் பெற்றவள்,
தமயந்தி